காவல்மரத்தில் கட்டிய யானை

பதிற்றுப்பத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் எட்டுப் பத்துகள் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பதிகம் உண்டு. பாடியவர் யார், பாடப்பட்ட சேரன் யார், அவன் எந்தெந்தப் போரில் வென்றான் என்றெல்லாம் அடுக்கிவிட்டுக் கடைசியில் அது ஒரு வரவுக் கணக்கையும் சொல்லி முடிக்கும். குமட்டூர்க் கண்ணனார் பெற்றது உம்பற்காட்டில் 500 ஊர், தென்னாட்டு வருவாயில் 38 ஆண்டுகளுக்குப் பங்கு. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பெற்றது நகை செய்து அணிய 9 கா பொன், அதற்கு மேல் நூறாயிரம் காணம். கபிலருக்கு நூறாயிரம் காணத்தோடு, நன்றா என்ற குன்றின்மேல் ஏறி நின்று பார்த்தபோது கண்ணில் பட்ட நாடெல்லாம். பெருங்குன்றூர் கிழாருக்கு 32,000 காணம். இந்தப் பதிகங்கள் பாட்டுகளோடு பிறந்தவை அல்ல, பின்னால் சேர்த்தவை. எண்களைக் கொஞ்சம் ஊதியும் இருக்கலாம். அதனால் என் வாதத்துக்குக் குறைவு வராது. சொல்லப்போனால் வலுவே கூடுகிறது. பாட்டைத் தொகுத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்த ஒருவர், பாடியவருக்கு என்ன கிடைத்தது என்பதும் அந்தத் தலைமுறைக்குத் தெரிய வேண்டிய செய்திதான் என்று நினைத்திருக்கிறார். தொகை குறைவாகத் தெரிந்தால் புலவருக்கு இழுக்கு என்றுகூட நினைத்திருக்கலாம். எழுத்துக்குக் கூலி பேசுவது தமிழ் மரபில் இல்லை, அது மேற்கிலிருந்து வந்த வணிகப் புத்தி என்று மேடையில் முழங்குகிறவர்கள் 1904இல் உ.வே. சாமிநாதையர் அச்சிட்ட அந்தப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. மரபு கூச்சப்படவில்லை, கணக்கு எழுதி வைத்திருக்கிறது.

கணக்கு எழுதியதைவிடவும் பெரிய செய்தி, அந்தக் காலத்துப் புலவர்களில் சிலர் கொடுத்ததைத் திருப்பியும் அனுப்பினார்கள் என்பது. பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியைத் தேடிப் போனபோது, அவன் நேரில் வராமல் பரிசிலை மட்டும் ஆள் மூலம் கொடுத்தனுப்பினான். தன் தகுதியைப் பார்த்து அளந்து கொடுத்தால் தினையளவும் இனிது, பாராமல் கொடுப்பது வேண்டாம் என்று புலவர் மறுத்துவிட்டார். இன்னொரு முறை இளவெளிமான் அவருக்குச் சிறிதாக எதையோ கொடுத்தான். அதைத் தொடாமல் முதிரமலைக் குமணனிடம் போய், யானையைப் பரிசாகப் பெற்று வந்து, இளவெளிமானுடைய காவல்மரத்திலேயே அதைக் கட்டினார். இரப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள், ஈபவர்களும் இருக்கிறார்கள், இதோ பார் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தப் புறநானூற்றுச் செய்தியைத் தன்மானத்துக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். தன்மானம்தான், மறுப்பில்லை. ஆனால் அந்தத் தன்மானம் எதன்மேல் நின்றது என்பதை நாம் கவனிப்பதில்லை. குமணன் இல்லாவிட்டால் யானை இல்லை. யானை இல்லாவிட்டால் காவல்மரத்தருகே நின்று பேச்சும் இல்லை. வேளிரும் வேந்தருமாகப் பல வாசல்கள் திறந்திருந்த காலத்தில், ஒரு வாசலில் அளவு குறைந்தால் இன்னொரு வாசலுக்கு நடக்க முடிந்தது. தன் எழுத்தை மதிக்கும் எழுத்தாளரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மனத்திட்பத்தைப் பற்றியே பேசுகிறார்கள். தமிழ் எழுத்தின் நெடுங்கணக்கைப் பார்த்தால், மனத்திட்பம் எல்லாக் காலத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்திருக்கிறது. வாசல்களின் எண்ணிக்கைதான் கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது. எழுத்தாளர் மதிப்பும் கூடவே கூடிக் குறைந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாசல்கள் மிகவும் குறைந்துபோயிருந்தன. அந்த நூற்றாண்டின் பெரும்புலவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. மாணாக்கர்களிடம் சம்பளம் வாங்காமல் பாடம் சொன்னவர். பலருக்குச் சோறும் போட்டவர். அவருடைய வருமானத்தின் பெரும்பகுதி தலபுராணங்களிலிருந்து வந்தது. ஓர் ஊர்க் கோயிலின் பெரிய மனிதரோ கட்டளைத் தம்பிரானோ கேட்டுக்கொண்டால் அந்தத் தலத்துக்குப் புராணம் பாடுவார். பல நாள் அரங்கேற்றம் நடக்கும். முடிவில் சால்வையும் பணமும் மரியாதையும் கிடைக்கும். எவ்வளவு என்பது முன்கூட்டிப் பேசப்படுவதில்லை. கொடுப்பவர் மனமும் அந்த ஆண்டு விளைச்சலும் அதைத் தீர்மானிக்கும். இப்படிப் புராணம் புராணமாகப் பாடிய மனிதர் கடன்காரராகவே வாழ்ந்தார் என்பதை உ.வே.சா. தன் வரலாற்று நூலான என் சரித்திரத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். திருப்பெருந்துறைப் புராணம் பாடப் போனதற்குக் கடன் நெருக்கடியும் ஒரு காரணம். இவருக்குப் பெருஞ்சித்திரனாரைவிடப் புலமை குறைவா, தன்மானம் குறைவா? இரண்டும் இல்லை. திருவாவடுதுறை ஆதீனம் என்ற ஒரு பெரிய வாசலும் அதைச் சுற்றிச் சில சிறிய வாசல்களும்தான் அவருக்கு இருந்தன. ஆதீனம் அவரை அன்போடு ஆதரித்தது, அதில் ஐயமில்லை. அன்பாக நடத்தப்படுவதும் விலை சொல்லும் நிலையில் இருப்பதும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் அப்போதே வேரூன்றிவிட்டது. இன்றைக்கும் சன்மானம் கேட்கும் எழுத்தாளரிடம், உங்களை நாங்கள் எவ்வளவு மரியாதையாக நடத்துகிறோம் என்று பதில் சொல்வார்கள்.

அச்சு வந்ததும் நிலைமை மாறியிருக்க வேண்டும். ஓரளவு மாறியது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட உ.வே.சா. பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தார். ஒரே வள்ளலுக்குப் பதில் பல சிறு வள்ளல்கள். ஆனாலும் அது வள்ளல் முறைதான். வாசகர் என்ற முகம் தெரியாத பெருங்கூட்டத்தை நம்பித் தன் எழுத்துக்குத் தானே விலை போட்ட முதல் பெரிய தமிழ்க் கவி, என் கணக்கில், பாரதி. 1907இல் அவருடைய பாட்டுகளை வி. கிருஷ்ணசாமி ஐயர் தன் செலவில் அச்சிட்டு 15,000 பிரதிகளை இலவசமாகவே வழங்கினார். மிதவாதியான அவர் தீவிரவாதியான பாரதியின் பாட்டில் மயங்கிச் செய்த பெருந்தன்மை அது. ஆனால் இலவசமாகப் பரவிய 15,000 பிரதி பாரதிக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் வேறு: இவ்வளவு பேர் படிக்கிறார்கள் என்றால் இவ்வளவு பேர் வாங்கவும் கூடும். 1920இல் கடையத்திலிருந்து அவர் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். கைவசமிருக்கும் எழுத்துகளை 40 புத்தகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட்டு, அரை ரூபாய் விலையில் விற்கப் போவதாக அதில் சொன்னார். தொடக்கச் செலவுக்கு 20,000 ரூபாய் வேண்டும். அதை நன்கொடையாகக் கேட்கவில்லை, கடனாகக் கேட்டார். ஸ்டாம்பு ஒட்டிப் பத்திரம் எழுதித் தருகிறேன், வட்டி தருகிறேன் என்றார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தன் புத்தகம் வீடுதோறும் விற்கும் என்பது அவர் போட்ட கணக்கு.

இந்தச் சுற்றறிக்கையைப் பாரதியின் பேதைமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதைத் தமிழ் எழுத்தாளர் ஒருவர் எழுதிய மிகத் தெளிவான வணிகத் திட்டம் என்று படிக்கிறேன். பிரதி எண்ணிக்கை, விலை, முதலீடு, வட்டி என்று ஒன்று விடாமல் இருக்கிறது. எட்டயபுரம் ஜமீனுக்குச் சீட்டுக்கவி அனுப்பியவரும் இதே பாரதிதான் என்பது உண்மை. பழைய வாசலையும் தட்டிப் பார்த்தார், அது திறக்கவில்லை. ஆனால் புது வாசல் ஒன்றைத் தானே கட்டவும் பார்த்தார். பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் அவர் இறந்தார். கணக்கு தப்பா என்பதைப் பின்வந்த ஆண்டுகள் சொல்லின. செல்லம்மா பாரதி தொடங்கிய பாரதி ஆச்ரமமும், பிறகு பாரதியின் தம்பி விசுவநாத ஐயர் நடத்திய பாரதி பிரசுராலயமும் நூல்களை வெளியிட்டன. பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யும் உரிமை தனியாகக் கைமாறி, கடைசியில் ஏவி. மெய்யப்பன் கைக்கு வந்தது. 1947இல் வந்த நாம் இருவர் படத்தில் அந்தப் பாட்டுகள் ஒலித்தன. பில்ஹணன் படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்தியதற்காக டி.கே.எஸ். சகோதரர்கள்மீது வழக்குப் போகும் அளவுக்கு உரிமை பெறுமானம் கண்டிருந்தது. ஊரே கிளர்ந்து, 1949இல் சென்னை அரசு உரிமையைத் தன் வசப்படுத்தியது. பின்னர் அது மக்கள் உடைமை ஆயிற்று. யாருக்கும் விலை தெரியாத சரக்குக்காக யாரும் நீதிமன்றம் ஏறுவதில்லை. பாரதி 1920இல் சொன்ன விலை சரிதான். சொன்ன நேரத்தில் அவரை நம்பி 100 ரூபாய் கடன் கொடுக்க ஆளில்லை. நாட்டுடைமை என்பதை நாம் புலவருக்குச் செய்யும் பெரும் மரியாதையாகக் கொண்டாடுகிறோம். மரியாதைதான். இறந்தபின் வரும் மரியாதை.

பாரதி நினைத்ததைச் சிறிய அளவில் செய்து காட்டியவர், இலக்கிய வரலாறுகள் அவ்வளவாக மதிக்காத ஒரு பெண். வை.மு. கோதைநாயகி 1925இல், நின்றுபோயிருந்த ஜகன்மோகினி என்ற இதழை எடுத்து நடத்தத் தொடங்கினார். பள்ளிக்குப் போகாதவர், முதல் நாடகத்தை வாயால் சொல்லித் தோழியை எழுதவைத்தவர். தன் நாவல்களைத் தன் இதழிலேயே தொடராக வெளியிட்டு, தானே புத்தகமாக்கி, 115 நாவல்கள் எழுதினார். அவருடைய நாவல்களின் இலக்கியத் தரம் பற்றிச் சண்டை போடலாம். எழுதியவருக்கும் வாசகருக்கும் நடுவே நின்று விலை சொல்ல வேறு யாரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டதில் சண்டைக்கு இடமில்லை. அந்தக் காலத்தில் பத்திரிகைப் பெயருக்கே நல்ல விலை இருந்தது; 1928இல் எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனை எழுத்துக்கு 25 ரூபாய் என்ற கணக்கில் எட்டெழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து வாங்கினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தலைப்பின் ஓர் எழுத்துக்குக் கிடைத்த விலை, உள்ளே முழுக்கதை எழுதியவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. விகடனை வளர்த்ததில் கல்கியின் பேனாவுக்குப் பெரும்பங்கு உண்டு. இது வாசனுக்கும் தெரியும், கல்கிக்கும் தெரியும். கல்கி விலகியபோது தன் மதிப்பை வாயால் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1941இல் சதாசிவத்தோடு சேர்ந்து தன் பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். முதலுக்காகச் சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி படத்தில் நாரதராக நடித்துக் கொடுத்தார். பொன்னியின் செல்வன் அந்தச் சொந்த வாசலிலிருந்துதான் வாரம் வாரம் வெளியே வந்தது.

வாசல் இல்லாமல் வெளியேறினால் என்ன ஆகும் என்பதற்குப் புதுமைப்பித்தன் சாட்சி. 1943இல் தினமணி ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் முதலாளியோடு முரண்பட்டு விலகியபோது, அவரோடு விலகியவர்களில் புதுமைப்பித்தனும் ஒருவர். தினசரி என்ற நாளிதழில் சேர்ந்தார், அங்கிருந்தும் வெளியேறினார். சினிமாவுக்கு எழுதினார். சொந்தமாகப் பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்று ஒரு படக்கம்பெனி தொடங்கிப் பார்த்தார், படம் வரவில்லை. ராஜமுக்தி படத்துக்கு எழுதப் புனேக்குப் போனவர் காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42. தமிழில் அவரைவிடத் தன் எழுத்தின் பெறுமதியை அறிந்த ஆள் குறைவு. அதை அவர் யாரிடமும் மறைத்ததும் இல்லை. விளம்பரம் எழுதிப் பிழைத்துக்கொண்டு பெரிய நாவலைப் பற்றிக் கனாக் காணும் எழுத்தாளரை ஒரு நாள் கழிந்தது கதையில் அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கதையின் ஆள் கடன் கேட்டே நாளைத் தள்ளுகிறான். 1944இல் கு.ப. ராஜகோபாலன் கும்பகோணத்தில் இறந்தபோது அவர் குடும்பத்துக்கு நிதி திரட்டினார்கள். செத்தபின் நிதி திரட்டும் இந்த வழக்கத்தை வெட்டி எறிவதுபோலப் புதுமைப்பித்தன் ஒரு கவிதை எழுதினார். நான்கு ஆண்டில் அவர் குடும்பத்துக்கும் நிதி திரட்ட வேண்டியதாயிற்று. கல்கி போன்றவர்கள் முன்னின்று அதைச் செய்தது நல்ல காரியம், குறை சொல்லக் கூடாது. ஆனால் இறந்தவருக்காக இவ்வளவு விரைவில் சேர்ந்த பணம் தமிழ்நாட்டில் அதற்கு முந்தின நாளும் இருந்தது என்பதை அந்த நிதி மெய்ப்பித்துவிட்டது.

தமிழில் வாங்குகிறவர்கள் குறைவு, சந்தை சிறிது, எங்கிருந்து கொடுப்பது என்பது பதிப்பாளர்கள் எப்போதும் சொல்லும் பதில். இதில் உண்மை உண்டு. பொய்யும் அதே அளவு உண்டு. சந்தை சிறிது என்பதற்காகக் காகிதக் கடைக்காரர் தாளைக் குறைத்த விலைக்குத் தருவதில்லை. அச்சகமும் பைண்டிங் கூடமும் தங்கள் பில்லை இலக்கியச் சேவைக் கணக்கில் எழுதுவதில்லை. அதே சிறிய சந்தையிலிருந்துதான் அவர்கள் எல்லோரும் முழுக்கூலி பெறுகிறார்கள்; சிறுமையைத் தாங்கும் பொறுப்பு எழுதியவர் தலையில் மட்டும் விழுகிறது. பொது நூலகத்துறைகூடப் பல காலமாகப் பக்கத்தையும் பார்மையும் எண்ணித்தான் புத்தகத்துக்கு விலை வகுத்து வந்திருக்கிறது. தாளுக்குத்தான் அங்கே அளவுகோல் இருந்தது. இதற்கு நேரான மறுப்பு பக்கத்திலேயே, தமிழைவிடக் குறைந்த பேர் பேசும் மொழியில் கிடைக்கிறது. 1945இல் கோட்டயத்தில் எம்.பி. பால், காரூர் நீலகண்ட பிள்ளை முதலிய 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதலோடு சாகித்திய பிரவர்த்தக சககரண சங்கம் என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். எழுத்தாளருக்கு விலையில் நூற்றுக்கு 30 பங்கு ராயல்டி என்று வகுத்தார்கள். தமிழில் நூற்றுக்குப் பத்து என்பதே பெரிய மனது என்று கருதப்படும். அதுவும் கணக்குக் காட்டினால்தான். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து உரிமையையே எழுதி வாங்கிக்கொள்வது அதைவிடப் பரவலான வழக்கம். தகழியும் பஷீரும் எழுதிய மலையாளத்தின் சந்தை தமிழைவிடப் பெரிதா என்ன? எழுத்தாளர்களே கூடித் தங்கள் வாசலைக் கட்டியிருந்தார்கள். விலை அங்கே உள்ளேயிருந்து வந்தது. அந்தச் சங்கம் பின்னால் நலிந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் சில பத்தாண்டுகள் நடந்து காட்டிய ஒன்றை நடக்க முடியாதது என்று சொல்ல முடியாது.

இதைவிடக் கனமான எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. தமிழின் சிறந்த எழுத்து காசு கொடுத்த பெரும்பத்திரிகைகளில் வரவில்லை, காசே கொடுக்காத மணிக்கொடி, எழுத்து போன்ற சிற்றிதழ்களில் வந்தது. பணம் வந்தால் எழுத்து கெடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்பார்கள். சான்று உண்மைதான், முடிவு தவறு. 1959இல் எழுத்து இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா அதைத் தன் கைப்பணத்தில் நடத்தினார். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். அதில் எழுதியவருக்குப் பணம் வரவில்லை, நடத்தியவருக்கும் வரவில்லை. யாரும் சம்பாதிக்காத இடத்தில் எழுத்தைச் சும்மா கொடுப்பது எழுதுகிறவரின் கொடை, அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. ஆசிரியருக்குச் சம்பளமும் முதலாளிக்கு லாபமும் விளம்பரதாரருக்கு வாடிக்கையும் கிடைக்கிற இடத்தில் எழுதியவருக்கு மட்டும் இரண்டு பிரதி அனுப்பிவைப்பது வேறு விஷயம். முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்துவது அரை நூற்றாண்டாக நடந்து வருகிற தந்திரம். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காசு வாங்காத அந்தச் சிறந்த எழுத்துக்கு யாரோ காசு கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்தார். தி. ஜானகிராமனுக்கு வானொலி சம்பளம் கொடுத்தது. சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை இருந்தது. அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டுடியோ ஊழியர். அதன்பின் பேனாவை மட்டும் நம்பி இருந்த ஆண்டுகளின் கஷ்டம் அவர் எழுத்திலேயே படிந்திருக்கிறது. ஆக, சும்மா எழுதப்பட்ட இலக்கியம் என்று ஒன்று இல்லை. அரசு, வானொலி, துணிக்கடை ஆகியவை கட்டணம் செலுத்திய இலக்கியம்தான் இருந்தது. மாதச் சம்பளமோ கடையோ நிலமோ இல்லாதவர், வீட்டு வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம்கூடச் சொந்தமாக இல்லாத பெண், கூலி வேலைக்குப் போகிறவர் ஆகியோர் எழுத வந்த வழியில் திரும்பிப் போயிருப்பார்கள். யார் எழுதலாம் என்பதை ஊதியமின்மை ஓசையில்லாமல் வடிகட்டிவிடுகிறது. நமக்குக் கிடைக்காமல் போன புத்தகங்களுக்கு வரலாறு எழுத முடியாது என்பதால் இந்த நட்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

அப்படியானால் துணிந்து விலையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று சுயமுன்னேற்றப் புத்தகக்காரர்கள் சொல்வார்கள். துணிவு மட்டும் போதாது என்பதற்கு லண்டனிலிருந்து ஒரு பழைய செய்தி இருக்கிறது. 1777இல் அந்நகரப் புத்தக வியாபாரிகள் கூடி, ஆங்கிலக் கவிகளின் பெருந்தொகுப்பு ஒன்றுக்கு வரலாற்று முன்னுரைகள் எழுதித் தரச் சொல்லி சாமுவேல் ஜான்சனிடம் போனார்கள். விலையை அவரே சொல்லட்டும் என்றார்கள். ஜான்சன் கூச்ச சுபாவக்காரர் அல்ல. அகராதிக்கு 1,500 கினி பேசி வாங்கியவர். கைவிட்ட பிரபுவுக்கு, உதவி வேண்டாம் என்று உலகம் மறக்காத கடிதம் எழுதியவர். அப்பேர்ப்பட்டவர் கேட்டது 200 கினி. 1,000 கேட்டிருந்தாலும் 1,500 கேட்டிருந்தாலும் தயங்காமல் கொடுத்திருப்பார்கள் என்று அவர் நண்பர் மலோன் பின்னால் எழுதினார். அந்த நூலால் வியாபாரிகள் 25 ஆண்டில் ஐயாயிரம் கினி வரை சம்பாதித்திருப்பார்கள் என்றும் கணித்தார். வியாபாரிகள் ஒரு கூட்டமாக இருந்தார்கள், சந்தையின் கணக்கு அவர்கள் கையில் இருந்தது. ஜான்சன் தனியாளாக இருந்தார், அவரிடம் பேர் இருந்தது, கணக்கு இல்லை. இன்றைய தமிழ்ச் சுதந்திர எழுத்தாளரின் நிலையும் இதுவே. மொழிபெயர்ப்புக்குச் சொல்லுக்கு இவ்வளவு, விளம்பர வாசகத்துக்கு இவ்வளவு, இணையத் தொடர் உரையாடலுக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் இருட்டில் ஓர் எண்ணைச் சொல்கிறார்கள். பக்கத்து மேசைக்காரர் என்ன வாங்குகிறார் என்பது ரகசியம். கேட்பது நாகரிகமில்லை என்று வேறு நினைக்கிறோம். பதிற்றுப்பத்தின் பதிகக்காரர் செய்ததை, அதாவது இன்னாருக்கு இவ்வளவு கிடைத்தது என்று எல்லோரும் அறிய எழுதி வைப்பதை, நாம் கைவிட்டதில் லாபம் அடைந்தவர்கள் எழுத்தாளர்கள் இல்லை.

சட்டம் இந்த விஷயத்தில் எழுத்தாளர்களைவிட எழுத்தாளர் பக்கம் நிற்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதியவரே முதல் உரிமையாளர். பத்திரிகையில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் எழுதியதில்கூட, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டுமே முதலாளிக்குப் போகும். புத்தகமாக்கும் உரிமை எழுதியவரிடமே நிற்கும். சம்பளக்காரருக்கே இப்படி என்றால், வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். தொலைபேசியில் தலையாட்டியது செல்லாது. அரசும் சமூகமும் எழுத்தாளர்களும் செய்ய வேண்டியவை என்று நீளமாகப் பட்டியல் போடலாம். கூட்டுறவு மறுபடி வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு முன்னால், இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பதிப்பாளருக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த ஒப்பந்தத் தாளைத் தேடி எடுத்துப் பாருங்கள். 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காலம் குறிப்பிடாமல் செய்த உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபின் கையெழுத்திட்ட தாளில் காலம் எழுதியிருக்கவில்லை என்றால், ஐந்து ஆண்டு முடிந்த மறுநாளே அந்தப் புத்தகம் மீண்டும் உங்களுடையது.